விசாவோடு பாஸ்போர்ட் திருட்டுப் போனால்: அமெரிக்காவில் இருப்பவர் எதை முதலில் செய்ய வேண்டும்?

கேள்வி: டல்லாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் என் தம்பியின் கார் கண்ணாடியை உடைத்து லேப்டாப் பையைத் தூக்கிப் போய்விட்டார்கள். பாஸ்போர்ட், அதில் இன்னும் காலாவதியாகாத விசா ஸ்டாம்பிங், ஐ-797 என்னும் எச்-1பி அனுமதிக் கடிதத்தின் ஒரிஜினல் எல்லாம் அந்தப் பையில்தான். பர்ஸ் அவனிடமே இருந்ததால் டிரைவிங் லைசென்ஸ் தப்பியது. மூன்று மாதத்தில் கோவையில் தங்கை கல்யாணம். விசா போய்விட்டதால் அங்கே தங்குவதே தப்பாகிவிடுமா? வேலைக்குப் போகலாமா? எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு உடனே ஊருக்கு வந்துவிடச் சொல்லலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வேண்டாம். எமர்ஜென்சி சர்டிபிகேட்டை, அதாவது ஊர் திரும்ப மட்டும் இந்தியத் தூதரகம் தரும் தாளை, இப்போது தொடவே வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் நல்ல பதில்தான்: அவர் அங்கே இருக்கலாம், நாளைக் காலையே வேலைக்கும் போகலாம்.

பாஸ்போர்ட், விசா, தங்கும் அனுமதி ஆகிய மூன்றும் தனித்தனி. இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் புரிய வைத்துவிட்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். பாஸ்போர்ட் இந்திய அரசு தருவது. விசா ஸ்டாம்பிங் அமெரிக்கத் தூதரகம் ஒட்டித் தருவது. விமானத்தில் ஏறி அமெரிக்க வாசலில் போய் நிற்கத்தான் அது வேண்டும், உள்ளே நுழைந்தபின் அதன் வேலை முடிந்தது. உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்னும் பதிவு. திருடன் கொண்டுபோனது முதல் இரண்டை. மூன்றாவது அரசாங்கத்தின் கணினியில் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே இன்று இரவே அந்த ஐ-94-ஐ இறக்கி வைத்துக்கொள்ளட்டும். அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 தளத்தில் பெயர், பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எண் கொடுத்தால் வரும். கொடுக்க வேண்டியது தொலைந்த பாஸ்போர்ட்டின் எண், ஏனென்றால் அதைக் காட்டித்தான் கடைசியாக உள்ளே வந்தார். 2013-லிருந்து விமானத்தில் வருபவர்களுக்கு இது மின்பதிவுதான். பழைய வெள்ளை அட்டை கிடையாது. கடைசி வருகைக்குப் பிறகு அமெரிக்காவுக்குள் இருந்தபடியே எச்-1பி நீட்டிப்பு வாங்கியிருந்தால் கணக்கு மாறும். அப்போது செல்லுபடியாவது ஐ-797 தாளின் அடியில் அச்சிட்டு வரும் ஐ-94; அது அந்தத் தளத்தில் தெரியாது. தளத்தில் பழைய தேதி தெரிகிறதே, காலம் கடந்துவிட்டதே என்று நடுங்கிப் போகிறவர்கள் உண்டு. நடுங்க வேண்டியதில்லை. கம்பெனியின் இமிக்ரேஷன் வக்கீலிடம் அந்தத் தாளின் நகல் கட்டாயம் இருக்கும். ஐ-797 ஒரிஜினல் போனதற்கும் இதேதான் பதில்: ஸ்டாம்பிங்குக்கு நகல் போதும், அனுமதி விவரத்தை அமெரிக்கத் தூதரகம் தன் கணினியில் பார்த்துக்கொள்ளும். டூப்ளிகேட் கேட்டு ஐ-824 படிவம் போட்டுப் பல மாதம் காத்திருப்பது பெரும்பாலும் வீண்.

ஐ-94 பிரதி ஒன்றை அவர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். 18 வயதான வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம், அந்தச் சான்று இதுதான். உள்நாட்டு விமானத்துக்கு, மத்திய அரசுத் தரத்தைக் காட்டும் ரியல் ஐடி முத்திரை உள்ள டிரைவிங் லைசென்ஸ் போதும். 2025 மே 7 முதல் அந்த முத்திரை இல்லாத லைசென்ஸை மட்டும் காட்டி ஏற முடியாது, அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது போலீஸ் ரிப்போர்ட். இதை நிதானமாகச் செய்ய வேண்டும். இந்தியத் தூதரகம், அமெரிக்கத் தூதரகம், விமான நிலையம் என்று பின்னால் வருகிற எல்லோரும் இந்த ஒரு தாளைத்தான் புரட்டப் போகிறார்கள். டெக்சாஸின் பெரிய நகரங்களில் காரை உடைத்துத் திருடிய வழக்கை ஆன்லைனிலேயே பதியலாம். முதலில் ஒரு தற்காலிக எண் வரும். அதிகாரி பார்த்து ஏற்றபின்தான் வழக்கு எண்ணும் ரிப்போர்ட் நகலும் கிடைக்கும். தற்காலிக எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தூதரகத்துக்கு ஓட வேண்டாம்.

பலர் தவறுவது திருட்டுப் பொருள் பட்டியலில். பதற்றத்தில் ‘கறுப்பு நிறப் பை ஒன்று, டெல் லேப்டாப் ஒன்று’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். விலை உள்ள பொருள்தானே முதலில் நினைவுக்கு வரும். பாஸ்போர்ட் என்ற சொல்லே இல்லாத அந்த ரிப்போர்ட் எந்த கவுன்டரிலும் செல்லாது. பட்டியலில் தனி வரியாக இருக்க வேண்டும்: இந்தியக் குடியரசு பாஸ்போர்ட், அதன் எண், வழங்கிய இடம், அடுத்த வரியில் அதில் ஒட்டியிருந்த அமெரிக்க எச்-1பி விசா, நகலில் தெரிந்தால் விசாவின் வலது கீழ் மூலையில் சிவப்பில் இருக்கும் எண். ஏற்கெனவே பதிந்துவிட்டு இதை விட்டிருந்தால் புதிதாக இன்னொரு புகார் கொடுக்க வேண்டாம். அதே வழக்கு எண்ணுக்குத் துணை அறிக்கை சேர்க்கச் சொல்லி எழுதினால் சேர்ப்பார்கள். ஒரே திருட்டுக்கு இரண்டு எண் இருந்தால் பின்னால் இரண்டு முறை தொலைத்தவராகத் தெரியும்.

இன்னொன்று தேதி. அமெரிக்க ரிப்போர்ட்டில் மாதம் முன்னால் வரும். 03/07 என்றால் அங்கே மார்ச் 7. நம் படிவத்தைப் படிப்பவருக்கு அது ஜூலை 3. ரிப்போர்ட்டில் ஒன்று, உறுதிமொழிப் பத்திரத்தில் ஒன்று என்று ஆகி, விளக்கம் கேட்டு விண்ணப்பம் திரும்பி வரும். எங்கே எழுதினாலும் மாதத்தை எழுத்தில் எழுதட்டும். ‘தொலைந்தது’, ‘திருடப்பட்டது’ என்ற சொல்லிலும் அப்படித்தான். ஓரிடத்தில் திருட்டு என்றவர் எல்லா இடத்திலும் திருட்டு என்றே சொல்ல வேண்டும். வீட்டில் எங்கோ வைத்துத் தேடிக்கொண்டிருப்பவருக்கு வேறு யோசனை: ஓரிரு நாள் நன்றாகத் தேடிவிட்டுப் புகார் கொடுங்கள், ஏனென்றால் கொடுத்தபின் அந்தப் பாஸ்போர்ட் மறுபடி உயிர் பெறாது. உங்கள் தம்பியுடையது சந்தேகமே இல்லாத திருட்டு. அவர் காத்திருக்கக் கூடாது. பையில் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் இருந்திருந்தால் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்னும் கடன் தகவல் நிறுவனங்கள் மூன்றிலும், வேறொருவன் அவர் பெயரில் கடன் வாங்காதபடி கிரெடிட்டை முடக்கி வைப்பது நல்லது. காசு கிடையாது, பத்து நிமிட வேலை.

இனி பாஸ்போர்ட். டெக்சாஸ் முழுவதும் ஹூஸ்டன் துணைத் தூதரகத்தின் எல்லை. விண்ணப்பத்தை வாங்குவது விஎஃப்எஸ் என்னும் தனியார் நிறுவனம். டல்லாஸிலும் 2025-ல் ஒரு மையம் திறந்திருக்கிறார்கள். ஆனால் முடிவெடுப்பது தூதரகம்தான். ‘சீக்கிரம் பார்த்துக் கொடுங்கள்’ என்று விஎஃப்எஸ் கவுன்டரில் கெஞ்சிப் பயனில்லை, அவர்கள் தாள்களைச் சரிபார்த்து அனுப்புகிறவர்கள் மட்டுமே.

விண்ணப்பம் இரண்டு கட்டம். முதலில் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கான பாஸ்போர்ட் சேவா தளத்தில் கணக்குத் தொடங்கி, ‘மறுவழங்கல்’ என்பதையும், காரணமாகப் ‘பாஸ்போர்ட் தொலைந்தது’ என்பதையும் (திருட்டும் இதில்தான் அடங்கும்) தேர்ந்தெடுக்க வேண்டும். ‘புதிய பாஸ்போர்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் தப்பு. அது வாழ்நாளில் பாஸ்போர்ட்டே வாங்காதவர்களுக்கு. படிவம் முடிந்து கிடைக்கும் எண்ணை வைத்து விஎஃப்எஸ் தளத்தில் பணம் கட்டி, நேரிலோ தபாலிலோ கொடுக்கலாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு வழக்கமான கட்டணம் 75 டாலர், தொலைத்தவருக்கு 150 டாலர். சேவைக் கட்டணம் தனி. தொலைந்ததை மறைத்து ‘காலாவதி’ என்று போட்டு 75 டாலர் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பாஸ்போர்ட்டைக் கொடு என்று கேட்கும்போது மாட்டிக்கொள்வார்கள், அதோடு தவறான தகவல் கொடுத்தார் என்பதும் பதிவாகும்.

பழைய பாஸ்போர்ட்டின் எண், வழங்கிய தேதி, காலாவதி தேதி, வழங்கிய அலுவலகம் எல்லாம் கேட்பார்கள். நகல் இல்லையே என்று கலங்க வேண்டாம். வேலையில் சேர்ந்த அன்று ஐ-9 என்னும் வேலைத் தகுதிப் படிவத்துக்காகக் கம்பெனி நகல் எடுத்து வைத்திருக்கலாம். எச்-1பி மனுவோடு எல்லாப் பக்கங்களையும் வக்கீல் ஸ்கேன் செய்து வைத்திருப்பார். அமெரிக்க விசாவுக்கு ஆன்லைனில் நிரப்பிய பழைய டிஎஸ்-160 படிவத்தில் எண் இருக்கும். இந்தியாவில் என்ஆர்இ என்னும் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குத் திறந்த வங்கியிடமும் நகல் இருக்கும். முதல் இரண்டு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இணைக்க வேண்டியவை: போலீஸ் ரிப்போர்ட், அனெக்ஷர் எஃப் என்னும் உறுதிமொழிப் பத்திரம், பழைய பாஸ்போர்ட் நகல், அமெரிக்காவில் சட்டப்படி இருப்பதற்கு ஐ-797-உம் ஐ-94-உம், முகவரிச் சான்றாக லைசென்ஸ் அல்லது வாடகை ஒப்பந்தம் அல்லது மின்கட்டண ரசீது. உறுதிமொழிப் பத்திரத்தில் எந்த நாள், எந்த ஊரில், எந்தச் சூழலில் போனது, இதற்கு முன் தொலைத்தது உண்டா என்பது தெளிவாக இருக்க வேண்டும். கண்டெடுத்தால் ஒப்படைப்பேன், பயணத்துக்குப் பயன்படுத்தமாட்டேன் என்ற வரியும் வேண்டும். அதில் நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலேயே போட்டு எடுத்துப் போனால் நோட்டரி முத்திரை வைக்கமாட்டார், மறுபடி அச்சடிக்க வேண்டும். வங்கிக் கிளையிலோ யூபிஎஸ் கடையிலோ நோட்டரி கிடைப்பார், லைசென்ஸைக் காட்டினால் போதும். லைசென்ஸும் பறிபோனவர்கள், தம்மையும் அந்த நோட்டரியையும் நேரில் தெரிந்த ஒருவரைச் சாட்சியாக அழைத்துப் போக டெக்சாஸ் சட்டத்தில் இடமுண்டு.

படிவத்தில் கையெழுத்து, கட்டத்தின் கோட்டைத் தொடக்கூடாது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் விண்ணப்பங்கள் திரும்பி வரும் காரணங்களில் இது எப்போதும் உண்டு: நம் கையெழுத்தின் கடைசி வால் கோட்டைத் தாண்டி ஓடும், ஸ்கேன் செய்கையில் வெட்டுப்படும். சின்னதாக, நடுவில் போடட்டும். புகைப்படம் சர்வதேச விமானப் பயண அளவுகோலின்படி: வெள்ளைப் பின்னணி, முகம் படத்தின் பெரும்பகுதியை நிறைக்க வேண்டும், கண்களில் பளபளப்பு விழக்கூடாது.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்கென்றே இருக்கும் சிக்கல் இது. தமிழ்நாட்டில் எடுத்த பல பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் கட்டம் காலி. ‘செந்தில்குமார்’ என்று ஒரே பெயர்தான் இருக்கும். அமெரிக்க விசாவில் அதையே குடும்பப் பெயராக்கி, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று போட்டுவிடுவார்கள், பெயர் தெரியவில்லை என்று பொருள். லைசென்ஸில் இன்னொரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி. எப்படியும் புதுப் பாஸ்போர்ட் எடுக்கிறோமே, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து இந்தத் தொல்லையை ஒழித்துவிடலாம் என்று தோன்றும். ஆசை நியாயமானது, நேரம் இதுவல்ல. தொலைந்ததற்கான மறுவழங்கலோடு பெயர் மாற்றமும் சேர்ந்தால் கேட்கும் சான்றுகள் கூடும், சரிபார்ப்பு நீளும்; வந்தபிறகு ஐ-797, ஐ-94, சோஷியல் செக்யூரிட்டி மூன்றும் ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் வேறு பெயரிலும் நிற்கும். அப்படி நிற்கும்போது விசா நேர்காணலுக்குப் போவது வம்பை விலைக்கு வாங்குவது. பழையதில் இருந்தபடியே, காலிக் கட்டத்தைக் காலியாகவே விட்டு வாங்கட்டும். போலீஸ் ரிப்போர்ட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலே இருக்கட்டும். பெயர் மாற்றத்தை ஊரில் சாவகாசமாக இருக்கும் காலத்தில் செய்துகொள்ளலாம்.

இனி கோவையில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை. பழைய பாஸ்போர்ட்டை வழங்கிய அலுவலகத்தின் பதிவோடு தூதரகம் ஒப்பிட்டுப் பார்க்கும். பெரும்பாலும் இந்தியாவில் உள்ள நிரந்தர முகவரிக்குப் போலீஸ் சரிபார்ப்பும் போகும். தாமதத்தின் பெரும்பகுதி இங்கேதான். ஸ்டேஷனிலிருந்து வருபவர் வந்த நேரத்தில் வீடு பூட்டியிருக்கும், அல்லது மாடியில் குடியிருப்பவர் ‘அப்படி யாரும் இங்கே இல்லையே’ என்று சொல்லிவிடுவார். ‘முகவரியில் வசிக்கவில்லை’ என்று எழுதிப் போய்விட்டால் அதை நிமிர்த்த வாரக்கணக்காகும். ஆகவே படிவத்தில் நிரந்தர முகவரியாகக் கொடுப்பது இப்போது அப்பா அம்மா குடியிருக்கும் வீடாகவே இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் வேறு வாடகை வீடு இருந்திருந்தால் அதையே பழக்கத்தில் எழுதிவிடக்கூடாது. வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தம்பியின் ஆதார் நகல், பழைய பாஸ்போர்ட் நகல், அமெரிக்கப் போலீஸ் ரிப்போர்ட், கம்பெனி கொடுத்த வேலைக் கடிதம், புகைப்படம் இரண்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆள் வெளிநாட்டில் இருக்கிறார், அங்கிருந்தே தூதரகத்தில் விண்ணப்பித்திருக்கிறார் என்று வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

விவரங்கள் சரிபார்க்கப்படாத நிலையில் சிலருக்குக் குறுகிய காலப் பாஸ்போர்ட் தருவதுண்டு. அப்படி வந்தால் விட்டுவிடாமல் முழுக் காலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எச்-1பி இன்னும் இரண்டு வருடம் இருந்தாலும், பாஸ்போர்ட் சீக்கிரம் முடிகிறது என்றால் எல்லை அதிகாரி ஐ-94-ஐப் பாஸ்போர்ட்டின் தேதியோடு நிறுத்திவிடுவார். அதைக் கவனிக்காமல் ஐ-797 தேதியை நம்பிக்கொண்டிருந்து அனுமதிக்காலம் தாண்டுவது நிஜமாகவே வேலையைப் பறிக்கும் தவறு.

இப்போது எமர்ஜென்சி சர்டிபிகேட். அது இந்தியாவுக்கு வர மட்டும், ஒரே ஒரு முறை செல்லும் தாள். வந்து இறங்கியதும் அதன் ஆயுள் முடிந்தது. பிறகு ஊரில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, சரிபார்ப்பு முடிந்து, அது வந்தபிறகு விசாவுக்கு எழுத வேண்டும். அமெரிக்காவில் சம்பளம் வாங்கிக்கொண்டே காத்திருக்க வேண்டிய வாரங்களை வேலை இல்லாமல் இங்கே காத்திருப்பதாகிவிடும். வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாகத் திரும்புபவருக்கு அது சரி. வீட்டில் ஒரு சாவு, மறுநாள் கிளம்பியாக வேண்டும் என்றாலும் சரி, அந்த நேரத்தில் கணக்குப் பார்க்க முடியாது. மூன்று மாதம் தள்ளி இருக்கும் கல்யாணத்துக்கு அது வேண்டாம்.

விசாவுக்கு வருவோம். தொலைந்த விசாவை அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு மாற்றி வாங்க வழியே இல்லை. 2024 ஜனவரி 29 முதல் ஏப்ரல் 1 வரை உள்நாட்டிலேயே எச்-1பி விசா புதுப்பிக்கும் சோதனைத் திட்டம் ஒன்று நடந்தது, அது முடிந்துவிட்டது. அதைப் பற்றி எடுத்த பழைய வீடியோக்களை நம்பி யாருக்கும் பணம் கட்டாதீர்கள். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்பினால் காலாவதியான விசாவே போதும் என்றொரு விதி உண்டு. அதுவும் இவருக்கு உதவாது, அந்த விசா தாள் கையில் இருந்தால்தான் அந்தச் சலுகை. புதுவிசா எடுக்க இந்தியாவுக்குக் கிளம்புவதைத் தவிர வேறு எதற்காகவும் அவர் அமெரிக்க எல்லையைத் தாண்டவே கூடாது. நயாகரா பார்க்கப் போனால் இந்தப் பக்கமே நின்று பார்க்க வேண்டும்.

திருட்டு நடந்தவுடனே செய்ய வேண்டியது, விசா கொடுத்த தூதரகத்துக்கு ஒரு மின்னஞ்சல். சென்னையில் ஸ்டாம்பிங் வாங்கியிருந்தால் சென்னைக்கு. முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், அமெரிக்க முகவரி, மின்னஞ்சல், தொலைந்ததா திருடப்பட்டதா, விசா நகல் இருந்தால் அது, போலீஸ் ரிப்போர்ட். இவ்வளவுதான். அந்த விசாவை வேறொருவன் பயன்படுத்தினால் தம்பி பெயரில் பழி விழாமல் காப்பது இந்த மின்னஞ்சல்தான். அனுப்பியதன் நகலைச் சேமித்து வைக்கட்டும். சொன்னபின் அந்த விசா செல்லாது.

புதுவிசா என்பது முழுக்கப் புது விண்ணப்பம். மீதிக் காலத்துக்கு மறு அச்சு என்று எதுவும் இல்லை. எச்-1பிக்கு 205 டாலர், புது டிஎஸ்-160, விரல்ரேகை, நேர்காணல் எல்லாம் உண்டு. நேர்காணல் இல்லாமல் தாள்களை மட்டும் கொடுக்கும், முன்பு பலருக்குக் கிடைத்த ட்ராப்பாக்ஸ் வசதி 2025 செப்டம்பர் 2 முதல் எச்-1பிக்கு இல்லை. அதே மாதம் வந்த இன்னொரு உத்தரவுப்படி சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே மெக்சிகோவில் ஸ்டாம்பிங் முடித்துவிட்டு வரலாம் என்ற பழைய குறுக்கு வழியும் போயிற்று. இந்தியாதான்.

டிஎஸ்-160-இல் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எப்போதாவது பாஸ்போர்ட்டைத் தொலைத்ததுண்டா, அமெரிக்க விசா எப்போதாவது தொலைந்தோ திருடப்பட்டோ போனதுண்டா. இரண்டுக்கும் ‘ஆம்’. கீழே விளக்கம் இரண்டு வரி போதும்: இந்தத் தேதியில் டல்லாஸில் காரிலிருந்து திருடப்பட்டது, போலீஸ் வழக்கு எண் இது, தூதரகத்துக்கு இந்தத் தேதியில் தெரிவித்தேன். பழைய படிவத்தை நகலெடுத்து நிரப்புபவர்கள் இந்த இரண்டு ‘இல்லை’களையும் சேர்த்தே நகலெடுத்துவிடுகிறார்கள். தொலைத்தது குற்றமில்லை, படிவத்தில் பொய் சொன்னது குற்றம். இனி வாழ்நாள் முழுவதும் எந்த டிஎஸ்-160-இலும் இதற்கு ‘ஆம்’தான் என்பதையும் நினைவில் வைக்கட்டும்.

இனிச் சொல்வது கசப்பானது, ஆனால் முடிவெடுக்க உங்களுக்கு இது வேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைத்தளக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். அதைத் தொடர்ந்து இந்தியாவில் டிசம்பரில் நேர்காணல் இருந்த பலருக்கு மாதக்கணக்கில் தேதியைத் தள்ளினார்கள். கல்யாணத்துக்கென்று முன்பே வந்து இறங்கியவர்கள் திரும்ப முடியாமல் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். ஆகவே வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: பாஸ்போர்ட் கைக்கு வர வேண்டும், புது எண்ணைக் கொண்டு டிஎஸ்-160, நேர்காணல் தேதி உறுதி, அதன்பிறகு, தேதி மாற்றக்கூடிய டிக்கெட். டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு மற்றதை அதற்குள் திணிக்கப் பார்ப்பதுதான் எல்லா நஷ்டத்துக்கும் ஆரம்பம். கம்பெனி மனிதவளத் துறையிடம் இப்போதே பேசட்டும்: தேதி தள்ளினால் இந்தியாவிலிருந்து எத்தனை வாரம் வேலை செய்ய விடுவார்கள், லேப்டாப்பை எடுத்துப் போக அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்கட்டும். கல்யாணத்துக்குப் பக்கத்தில் நேர்காணல் தேதியே கிடைக்காமல், கம்பெனியும் விட்டுக்கொடுக்காவிட்டால், அவர் வராமல் இருப்பதையும் ஒரு வழியாக யோசியுங்கள். அண்ணன் இல்லாமல் தாலி கட்டுவதா என்று வீட்டில் வருத்தம் வரும். அந்தப் பேச்சைக் கடைசி வாரத்தில் பேசுவதைவிட இப்போதே பேசிவிடுவது அவருக்கும் தங்கைக்கும் நல்லது.

நேர்காணலுக்கு எடுத்துப் போக: ஐ-797 நகல், வேலைக் கடிதம், சமீபத்திய சம்பளச் சீட்டுகள், டபிள்யூ-2 என்னும் ஆண்டுச் சம்பளச் சான்று, எச்-1பி மனுவின் நகல், பழைய விசாவின் நகல், போலீஸ் ரிப்போர்ட், தூதரகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல். கேட்டால் மட்டும் கொடுக்கலாம்.

புறப்படும் நாளில் ஒரு சின்ன விஷயம். அமெரிக்காவை விட்டு வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை கிடையாது. விமான நிறுவனம் அனுப்பும் தகவலை வைத்துத்தான் வெளியேற்றம் பதிவாகிறது. உள்ளே வந்தது பழைய எண்ணில், போவது புதிய எண்ணில் என்பதால் அந்த இரண்டும் இணையாமல் போகலாம். போர்டிங் பாஸையும், இந்திய நுழைவு முத்திரை விழுந்த பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

வேறு நாடுகளில் இருப்பவர்களுக்கும் முதல் பாதி பொருந்தும்: போலீஸ், தூதரகம், பழைய நகல். பின்பாதி நாட்டுக்கு நாடு மாறும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022-லிருந்து வசிப்பு விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடியோடு இணைந்திருக்கிறது. அங்கே பாஸ்போர்ட் போனால் விசாத் தாள் போனதாகாது, புதிய எண்ணை அதில் மாற்றினால் போதும். தாய்லாந்துக்குச் சுற்றுலா போனவர் புதுப் பாஸ்போர்ட் வாங்கியதும் நேராக விமான நிலையம் போகக்கூடாது. குடிவரவு அலுவலகத்தில் பழைய நுழைவு முத்திரையை இதற்கு மாற்றிக்கொண்டு வர வேண்டும். மலேசியாவிலும் தூதரகத் தாளோடு குடிவரவுத் துறையின் அனுமதி வாங்காமல் வெளியேற முடியாது. வெள்ளி இரவில் தொலைத்துவிட்டு ஞாயிறு விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் விமானத்தைத் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

கடைசியாக, பை கிடைத்துவிட்டால் என்ன செய்வது? லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டுப் போகும் திருடர்கள் அதிகம் என்பதால் இரண்டு மாதம் கழித்துப் போலீஸ் கூப்பிட்டுக் கொடுப்பதுண்டு. பாஸ்போர்ட்டும் அதிலுள்ள விசாவும் புதிதுபோல இருக்கும், தேதியும் மிச்சமிருக்கும். அதை வைத்துப் பயணம் போகவே கூடாது. தொலைந்ததாகப் பதிவான எண் இன்டர்போலின் தொலைந்த பயண ஆவணத் தரவுத்தளத்துக்கும் போகும். துபாயிலோ பிராங்பேர்ட்டிலோ விமானம் மாறும் இடத்தில்கூட நிறுத்திவிடுவார்கள். இந்தியத் தூதரகத்துக்குக் கொண்டுபோய் மூலை வெட்டி ரத்து செய்து திருப்பித் தரச் சொல்லிக் கேட்கட்டும். ரத்தான பாஸ்போர்ட்டிலும் பழைய முத்திரைகள் அப்படியே இருக்கும். பிற்பாடு கிரீன் கார்டுக்குப் பயண வரலாறு எழுதும்போது அந்தப் பக்கங்கள் தேவைப்படும்.